மூலை மூடாத கோடு

இந்த ஒரு சங்கதியை எழுதுவதா வேண்டாமா என்று பல வருடங்களாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இந்தத் தொடரை ஆரம்பித்த பிறகும் அப்படித்தான். ஒவ்வொரு வாரமும் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, “தாயே, இந்த வாரம் எதை எழுத?” என்று கேட்டால் இதுதான் முதலில் வந்து நிற்கும். நான் வேறு எதையாவது எழுதி அனுப்பிவிடுவேன். செம்பாக்கம் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் கெளுத்தி மீன் வந்த கதையைப் போன வாரம் எழுதினேன் அல்லவா? அதுகூட இதிலிருந்து தப்பிக்கத்தான்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். பெரிய விஷயங்களைப் பக்குவமாகச் சொல்ல வராது. அதோடு இதில் வருகிறவர்கள், ஒருவரைத் தவிர, எல்லாரும் நல்லபடியாக இருக்கிறார்கள். அவர்கள் சம்மதம் இல்லாமல் எழுதக் கூடாது. இப்போது சம்மதம் கிடைத்துவிட்டது. எப்படிக் கிடைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அனகாபுத்தூர் வீட்டுக் கூடம்

என் நாத்தனார் சரோஜா அண்ணியின் வீடு அனகாபுத்தூரில், ஆற்றை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது. எதிரும் புதிருமாக இரண்டு ஸ்கூட்டர் வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். கூடத்துச் சுவரில் இடுப்பளவுக்கு ஒரு பழுப்புக் கோடு ஓடும். ஆற்று வெள்ளம் உள்ளே வந்து நின்ற கோடு. இரண்டு தடவை வெள்ளை அடித்தும் அது மேலே வந்துவிட்டது.

அந்தக் கூடத்தில், ஒரு காலை நேரத்தில், பிளாஸ்டிக் நாற்காலியில் அண்ணி உட்கார்ந்திருந்தார். மடியில் தாம்பாளம். அதில் வெற்றிலை பாக்கு, பழம், பூ, அவற்றின் மேல் என் மகள் நித்யாவின் கல்யாணப் பத்திரிகை. குலதெய்வத்தின் காலடியில் முதல் பத்திரிகையை வைத்துவிட்டு, அடுத்ததை அத்தைக்கு என்று நேராக இங்கே எடுத்து வந்திருந்தோம். நானும் என் வீட்டுக்காரரும் நித்யாவும் பாயில் உட்கார்ந்திருந்தோம்.

அண்ணி பெண் பெயரைப் படிக்கவில்லை. மாப்பிள்ளை பெயரையும் முகூர்த்த நேரத்தையும் படிக்கவில்லை. பத்திரிகையின் வலது மேல் மூலையில் ஒரு விரலை வைத்தார். அங்கே சுற்றுக் கோடு மூலையைத் தொடாமல் கொஞ்சம் முன்னாலேயே நின்றிருந்தது. அந்த இடைவெளியில் நான் வைத்த மஞ்சள். அண்ணியின் விரல் அங்கேயே நின்றது.

 அங்கே ஏன் நின்றது என்று புரிய வேண்டுமானால் எங்கள் கடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வெட்டும் கடை

மேற்குத் தாம்பரத்தில் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன அச்சகம் எங்களுடையது. கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம், கோயில் கூழ் ஊற்றும் நோட்டீஸ், சர்ச் ஆண்டு விழா அழைப்பு, விசிட்டிங் கார்டு, இவற்றோடு கண்ணீர் அஞ்சலி போஸ்டர். நல்லது கெட்டது இரண்டும் ஒரே மெஷினில் ஓடும். அதனால் எங்கள் கடையில் காலையில் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் சுவிட்சைத் தொடமாட்டோம்.

அச்சடிப்பது என் வீட்டுக்காரர் வேலை. அடித்து முடித்ததை எண்ணுவது, மடிப்பது, கவரில் போடுவது, கேட்டவர்களுக்கு மூலையில் மஞ்சள் தடவிக் கொடுப்பது என் வேலை. கட்டிங் மெஷினில் இருந்து வந்த புதுக் கார்டின் ஓரம் எவ்வளவு கூர்மை என்று பத்திரிகை வாங்கிப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. விரலைக் கீறும். ரத்தம் வராது, எரியும். அதன்மேல் மஞ்சள் பட்டால் இன்னும் எரியும், சாயங்காலத்துக்குள் ஆறியும் போகும். என் விரல் நுனிகள் எப்போதும் மஞ்சளாகவே இருக்கும். கோயிலில் பார்ப்பவர்கள் நான் பெரிய பக்தை என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி பக்தி, பாதி தொழில்.

மூலையை வட்டமாக வெட்டுவதற்கு ஒரு சின்னக் கை மெஷின் உண்டு. அழுத்தினால் ‘கறுக்’ என்று ஒரு சத்தம். வெட்டின நகம் மாதிரி பிறைத் துண்டுகள் கீழே விழும். மேடவாக்கம் பக்கம் பிளாட் விற்கிறவர்கள் எல்லாம் விசிட்டிங் கார்டுக்கு வட்ட மூலைதான் கேட்பார்கள். சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எழுத்து அட்டை அடித்தால் நாங்களே வட்டமாக வெட்டிவிடுவோம். கண்ணில் குத்திவிடக் கூடாதே.

ஆனால் கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் அவர் வட்டம் வெட்டமாட்டார். மஞ்சள் வைக்க மூலை வேண்டும் என்பார். இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. மங்கலப் பத்திரிகைக்குச் சுற்றிக் கோடு போட்டால் நாலு மூலையையும் மூடமாட்டார். கோடு மூலைக்கு வருவதற்குள் ஒரு பூவிலோ வளையத்திலோ நின்றுவிடும். நாலு பக்கமும் கூராக மூடின கறுப்புக் கட்டம் துக்கத்துக்கு மட்டும்தான். எல்லா அச்சகத்திலும் இப்படி என்று சொல்லமாட்டேன். எங்கள் கடையில் அப்படி.

அண்ணியின் வாய்

சரோஜா அண்ணி என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். பேச்சில் அவருக்கு மழுங்கல் என்பதே கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்கே, காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் அம்மாவிடம், “பொண்ணு மூக்கு நல்லா கூராத்தான் கீது. வாயாவது மொட்டையா கீதா?” என்று கேட்டவர். என் அம்மா வெலவெலத்துப் போனாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பரவால்ல, சிரிக்கிது. இட்டுக்கினு போலாம்” என்று அவரே முடிவும் சொல்லிவிட்டார்.

அவர் கடைக்கு வந்தால் எங்களுக்குத் தேள் கொட்டினாற்போல்தான் இருக்கும், ஆனால் சிரித்துக்கொண்டே இருப்போம். என் வீட்டுக்காரர், “அக்கா வாயை மெஷின்ல மாட்டிட்டா பிளேடு செலவு மிச்சம்” என்பார். “மாட்டுடா, மொதல்ல உன் நாக்க வெச்சிப் பாக்கலாம். ஒளுங்கா பேசறியா இன்னான்னு தெரியும்” என்று திருப்பிக் கொடுப்பார் அண்ணி. என் வீட்டுக்காரர் பேசாத மனிதர். அது அக்காவுக்கு எப்போதும் ஒரு குறை.

என் மாமியார் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு கவர் ஒட்டுவார். மாமனார் போனதிலிருந்து அவர் மஞ்சள் கிண்ணத்தைத் தொடமாட்டார். “நீங்களும் வைங்க அத்தை, சாமி ஒண்ணும் சொல்லாது” என்று நான் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். “அது கெடக்கட்டும், நீ வையி” என்று பேச்சை மாற்றிவிட்டார்.

வழி மட்டும் விடு

அப்படி ஒரு மத்தியானம். கரண்டு இல்லை. யாரோ ஒருவருக்கு அடிக்க வேண்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் மாதிரித் தாள் மேஜைமேல் கிடந்தது. மாமியார் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னாடா சேகரு, செத்துப் போனவன நாலு பக்கமும் செவுரு கட்டி வெச்சிகீற?”

“துக்க பார்டர்னா அப்படித்தாம்மா.”

“எனக்கு இப்டி போடாத. கல்யாணக் கார்டுக்கு மூலையில வழி வுடுற பாரு, அதுமேரி வுடு. மஞ்சளு கிஞ்சளு வேணாம். வழி மட்டும் வுடு.”

அவர், “இப்ப எதுக்குமா அந்தப் பேச்சு” என்று எழுந்து வெளியே போய்விட்டார். நானும் அதை மறந்துவிட்டேன். மாமியார் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு சில காலத்தில் மாமியார் படுத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கொஞ்ச நாள் வைத்திருந்து பார்த்துவிட்டு, வீட்டுக்கே அழைத்துப் போய்விடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதன் அர்த்தம் எங்களுக்குப் புரிந்தது. மாமியாருக்கும் புரிந்தது.

அதே வாரத்தில்தான் அண்ணிக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன் நடந்தது. வயிற்றில் தையலோடு படுத்திருந்தார். அசையக் கூடாது, வண்டி ஏறக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் அக்காவுக்குச் சொல்லி அனுப்பலாம் என்றபோது மாமியார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாண்டா. கத்தி வெச்ச ஒடம்பு. விசியம் தெரிஞ்சா ஆட்டோ புட்ச்சி வந்துருவா. தையலு பிரிஞ்சிதுன்னா அதுவும் ஒரு பாவம் எனக்கு. சொரம்னு மட்டும் சொல்லு. நான் போனப்பறம் சொல்லிக்கலாம்.”

அம்மா பேச்சைத் தட்ட அவருக்கு வரவில்லை. அண்ணி போனில் கேட்கும்போதெல்லாம், “காய்ச்சல்தான்கா, கஞ்சி குடிக்கிறாங்க” என்றோம்.

அந்த நாட்களில் ஒருநாள் மாமியார், “என் போஸ்டரு எங்கடா? காட்டு பாக்கலாம்” என்று கேட்டார். இவர் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். விடவில்லை. கடைக்குப் போய், அம்மா சொன்ன மாதிரியே நாலு மூலையும் திறந்துவிட்டு, பூ வளையம் எதுவும் இல்லாமல், ஒரே ஒரு தாள் போட்டு எடுத்து வந்தார். பேரும் படமும் மட்டும் இருந்தது. மற்ற இடம் காலி.

மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “மூக்கு பெருசா கீதே” என்று சிரித்தார். பிறகு மூலையில் கோடு நிற்கிற இடத்தை நகத்தால் தொட்டுப் பார்த்து, “ம், இது போதும்” என்றார். என் வீட்டுக்காரர் பின்பக்கம் போய்த் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் போய்ப் பார்க்கவில்லை. சில நேரம் போகக் கூடாது.

தெருமுனைச் சுவர்

பால் வருகிற நேரத்துக்கு மாமியாரின் மூச்சு நின்றது. அண்ணி வீட்டுக்கு ஆள் போனது. என் வீட்டுக்காரர் அழவில்லை. அம்மாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். நெற்றியில் விபூதி வைத்தார். பிறகு கடைக்குப் போனார். ஊரில் யார் செத்தாலும் விடிந்ததும் செய்கிற வேலை அதுதான். மற்றவர்களுக்குச் செய்ததைத் தன் அம்மாவுக்கும் செய்தார். வெயில் ஏறுவதற்குள் எங்கள் தெருவில் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது.

அண்ணி ஆட்டோவில், தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தார். தெருமுனைச் சுவரில் பசை காயாமல் போஸ்டர். அம்மாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் பார்த்தது அதைத்தான்.

வாசலில் இறங்கியவர் உள்ளே போகவில்லை. பந்தல் போட வந்தவர்கள், சொந்தக்காரர்கள், தெரு ஜனம் எல்லாரும் நிற்கிறார்கள். தம்பியைப் பார்த்தார்.

“அம்மா செத்தது உனக்குக் கல்யாணமாடா? தாலியறுத்தவளுக்கு மங்கள கார்டு பார்டரு போட்டு செவுத்துல ஒட்டிகீற?”

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

“விடிகாலைல உசுரு போச்சி. அதுக்குள்ள ஊரு பூரா ஒட்டிட்ட. போறதுக்கு மின்னாடியே அட்ச்சி வெச்சிக்கினு எப்படா போவான்னு காத்துக்கினு இருந்தியா? சொல்லுடா.”

அவர் வாயைத் திறக்கவில்லை. இல்லை என்றால் பொய். ஆமாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். சொன்னால், அம்மா போகப்போகிறாள் என்று தெரிந்தே உன்னைக் கூப்பிடவில்லை என்றும் சொல்ல வேண்டும். தையலைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கிற அக்காவிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நின்றுவிட்டேன்.

அவர் பேசாமல் நின்றதைச் சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டார்கள். அண்ணியும் அப்படித்தான். உள்ளே போய் அம்மா மேல் விழுந்து அழுதார். எடுத்ததும் கிளம்பினார். காரியத்துக்கு வரவில்லை.

அதன் பிறகு பேச்சே இல்லை. சொந்தத்தில் கல்யாணம் காட்சி என்றால் மண்டபத்தின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நாங்கள். திட்டியாவது இருக்கலாம். அதுவும் இல்லை. அந்த வாய் எங்கள் பக்கம் மட்டும் மூடிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் கோயிலில் நான் ஒன்றே ஒன்றைத்தான் வேண்டிக்கொள்வேன். மகளுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்றுகூட அப்புறம்தான் கேட்பேன். தாயே, சரோஜா அண்ணி எங்களை ஒரு தடவையாவது திட்ட வேண்டும்.

நித்யா போட்ட கோடு

நித்யாவுக்கு இது எதுவும் தெரியாது. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அத்தைக்கும் அப்பாவுக்கும் ஏதோ மனஸ்தாபம், அவ்வளவுதான். இப்போது ஓ.எம்.ஆரில் ஒரு கம்பெனியில் போன் திரைகளுக்கு டிசைன் செய்கிறாள். மாப்பிள்ளையும் அதே மாதிரி வேலை, மேடவாக்கத்தில் வீடு.

தன் கல்யாணப் பத்திரிகையைத் தானே டிசைன் செய்வேன் என்றாள். லேப்டாப்பைத் திறந்து அப்பாவிடம் காட்டினாள். பிள்ளையார்கூட ஒரே கோட்டில் இருந்தார். பூ இல்லை, மயில் இல்லை, வாழை மரம் இல்லை. வெளிறின தாள். சுற்றி மெல்லிசாக ஒரு கோடு. நாலு மூலையும் ஊசி மாதிரி கூராகச் சேர்ந்திருந்தன.

“எப்படிப்பா? நீட்டா, ஷார்ப்பா இல்ல?”

“நல்லா இருக்கும்மா. மூலையை மட்டும் மூடாதே.”

“ஏன்ப்பா? மூலை சேரலைன்னா தப்பு பண்ணிட்டோம்னு நினைப்பாங்க. எங்க ஆபீஸ்ல இப்படிக் குடுத்தா திருப்பி அனுப்பிடுவாங்க.”

“உங்க ஆபீஸ்ல மஞ்சள் வெப்பாங்களா?”

“அப்பா! சரி, அப்ப ரவுண்டா வெட்டிடலாமா? இப்ப எல்லாமே ரவுண்டுதான்.”

“மூலையே இல்லன்னா உங்கம்மா எங்க வெப்பா?”

அப்பாவும் மகளும் ரெண்டு நாள் இதையே பேசினார்கள். கடைசியில் நித்யா இறங்கி வந்தாள். மூலையைத் திறக்கிறேன், ஆனால் பூ, வளையம், எதுவும் போடமாட்டேன். கோடு நேராக வந்து, வெட்டினாற்போல் நிற்க வேண்டும். அவர் சரி என்றார்.

அரக்கு மையில் முதல் கார்டு அடித்து வந்தது. வெட்டி, அடுக்கி, என் முன்னால் வைத்தார். மஞ்சளைத் தொட்ட விரலோடு நான் அப்படியே இருந்துவிட்டேன். கறுப்புக்குப் பதில் அரக்கு. மற்றபடி அதே கோடு, அதே இடைவெளி. அன்றைக்குத் தெருமுனைச் சுவரில் இருந்த அதே பார்டர்.

நிமிர்ந்தேன். அவரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா பார்டர்” என்றார் மெதுவாக.

“அண்ணிகிட்ட இதை எப்படிங்க கொண்டுபோறது? வேற ஒண்ணு அவங்களுக்கு மட்டும் அடிச்சிடலாமா?”

கார்டை என் பக்கம் நகர்த்தினார். “அவளுக்கு மட்டும் வேற பத்திரிகையா? வேணாம். இதையே குடுக்கலாம். திட்டினா திட்டட்டும்.”

மறுபடியும் கூடம்

விரல் மூலையில் நின்றதில் விட்டேன். அண்ணி தலையை நிமிர்த்தினார். இத்தனை வருடங்களுக்குப் பிறகு தம்பியிடம் பேசின முதல் வார்த்தை இது.

“இன்னாடா சேகரு, இதுக்கும் அதே கோடா?”

என் வீட்டுக்காரர் சுவரில் வெள்ளம் நின்ற கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா செத்ததுக்கும் இதான், பொண்ணு கல்யாணத்துக்கும் இதான். உன் கடையில வேற கோடே கெடையாதா? இல்ல என்னிய குத்திக் காமிக்கணும்னே எட்த்துக்கினு வந்தியா?”

“அத்தை, டிசைன் நான்தான் பண்ணேன்” என்றாள் நித்யா, ஒன்றும் புரியாமல்.

“நீ சும்மா இரு கண்ணு. உனக்குத் தெரியாது.” அண்ணி தாம்பாளத்தைப் பூவோடு பழத்தோடு தூக்கி எங்கள் பக்கம் நீட்டினார். “எட்த்துக்கினு போ. நான் வர்லே.”

அத்தை இல்லாமல் மணையில் உட்காரப் போகிற பெண் என் மகள். தட்டு திரும்பிவிட்டால் அதோடு சரி. இனி இந்தச் சந்துக்குள் நாங்கள் வரமாட்டோம். என் வீட்டுக்காரர் தட்டை வாங்கக் கையை நீட்டினார். வாங்கிக்கொண்டு வாய் பேசாமல் எழுந்து போய்விடுவார், எனக்குத் தெரியும்.

“வாங்காதீங்க” என்றேன்.

“வசந்தா, வேணாம்.”

“நான் சொல்றேங்க. போனப்பறம் சொல்லிக்கலாம்னு அத்தையே சொன்னாங்களே.”

சொன்னேன். கரண்டு இல்லாத மத்தியானத்தில் மாமியார் கேட்டது, டாக்டர் சொன்னது, கத்தி வைத்த உடம்பு என்று அவர் தடுத்தது, மூக்கு பெரிசாக இருக்கிறது என்று தன் போஸ்டரைப் பார்த்துச் சிரித்தது, எல்லாவற்றையும். சொல்லும்போதே எனக்குத் தெரிந்தது, இது ஒரு பக்கம் மட்டும் வெட்டாது என்று. தம்பி மேல் இருந்த கோபம் போகும். அந்த இடத்தில் வேறு ஒன்று வந்து உட்காரும். அது வரக் கூடாது என்றுதானே அந்த மனிதர் இத்தனை வருடம் ஊர் முன்னால் வாங்கின பேச்சைச் சுமந்தார்.

அண்ணி தட்டை மடியில் வைத்துக்கொண்டார். சந்தில் ஒரு தண்ணீர் கேன் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு பின்வாங்கியது. 

“கடைசியா என்னிய கேட்டாளா?”

இதற்குப் பொய் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்ல வரவில்லை.

“கேட்டாங்க அண்ணி. கடைசி ராத்திரி பூரா நினைவு தப்பித் தப்பி வந்துச்சு. நீங்க சின்னப் பிள்ளையா இருக்கிற மாதிரி, ‘சரோஜா தூங்கிட்டாளா?’ன்னு கேட்டாங்க. ‘தூங்கிட்டாங்க அத்தை’ன்னேன். ‘எழுப்பாத, தூங்கட்டும்’னாங்க.”

அண்ணி அழவில்லை. சுவரைப் பார்த்தார். மெதுவாக, யாரிடமும் இல்லாமல் சொன்னார்.

“எழுப்பியிருக்கலாமே.”

அவர் சாதாரணமாகப் பேசுகிற மாதிரிகூட அது இல்லை.  

என் வீட்டுக்காரர் பாயை விட்டு எழுந்து அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் போய் உட்கார்ந்தார். “நீ என்னைத் திட்டறதே மேல்னு இருந்துச்சுக்கா. தெரிஞ்சா நீ உன்னையே திட்டிக்குவே.”

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தது.

“வாய்ல இன்னாடா வெச்சிக்கினு இருந்த இத்தினி வருசமா? கொழுக்கட்டையா? நாலு பேரு எதிர்ல உன்ய அவ்ளோ பேசனனே, ஒரு வார்த்த, ‘யக்கா நிறுத்து’ன்னு சொன்னியா? கல்லு மேரி நின்னுக்கினு. உன்ய பெத்தாளே அவளுக்கு மேல நீ. அவ இன்னான்னா என்னிய கொயந்தைன்னு நென்ச்சிக்கினா, நீ இன்னான்னா...” மூச்சு வாங்கியது. என் பக்கம் திரும்பினார். “நீ ஒருத்தி. மூக்குதான் கூரு. வாயி அப்பவே மொட்டைன்னு நெனச்சேன், சரியாப் போச்சி.”

 அம்மன் கொடுத்தேவிட்டாள் என்று மனதுக்குள் கும்பிட்டேன். நித்யா மிரண்டு போய் என்னைப் பார்த்தாள். அம்மாவை அத்தை இப்படிப் பேசுகிறார், அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாளே என்று.

அண்ணி தட்டோடு எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது பத்திரிகையும் பூவும் பழமும் தட்டில் இல்லை. சீர்த் தட்டை வெறுமனே திருப்பக் கூடாது என்று ஒரு பிடி பச்சரிசி இருந்தது.

“சக்கர தீந்து பூட்ச்சி. சொல்லாம கொள்ளாம வந்தா இதான் கீது. புடி.”

வாங்கிக்கொண்டேன்.

மண்டபத்தில்

கல்யாணத்துக்கு முந்தின நாளே வந்துவிட்டார். வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் வாசல் கோலத்தைக் குறை சொன்னார். சாம்பாரில் புளி தூக்கல் என்றார். மாலை கொண்டு வந்தவரிடம், “இது மாலையா, மாட்டுக்குப் போடற கயிறா?” என்று சண்டை பிடித்தார். என் புடவைக் கலரைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது. மாப்பிள்ளை வீட்டு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அவங்க எப்பவும் இப்படித்தானா?” என்று பயந்துகொண்டே கேட்டார்கள். “இல்லைங்க, நடுவுல கொஞ்ச வருஷம் இல்ல” என்றேன்.

முகூர்த்தம் முடிந்ததும் நித்யாவைக் கட்டிக்கொண்டு, அவள் காதில் ஏதோ சொன்னார். என்ன என்று நித்யா இன்னும் எனக்குச் சொல்லவில்லை.

சம்மதம்

போன மாதம் அனகாபுத்தூருக்குப் போயிருந்தேன். அண்ணி வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஆய்ந்துகொண்டே, இதை என் தொடரில் எழுதட்டுமா என்று கேட்டேன். பேரை மாற்றிப் போடுகிறேன், அன்றைக்கு வாசலில் பேசினதையெல்லாம் கொஞ்சம் பதமாக எழுதிவிடுகிறேன் என்றும் சொன்னேன்.

அண்ணி வாழைப்பூவைக் கீழே வைத்தார்.

“பேர எதுக்கு மாத்தற? நான் இன்னா திருடியா? எழுது. ஆனா ஒண்ணு. நான் பேசனத பதமா கிதமா எழுதற வேல வெச்சிக்காத. குட்டி மெஷினு வெச்சிக்கினு மூலைய நறுக்குவியே ‘கறுக்’கு ‘கறுக்’குன்னு, அதுமேரி என் பேச்ச நறுக்கிடாத. கேட்டவன் கேட்டா, இவ இப்டித்தான் பேசனா, கடசீல இப்டித்தான் கெடந்து தவிச்சான்னு தெரியட்டும்.”

அப்படியே எழுதியிருக்கிறேன். எங்கும் தேய்க்கவில்லை.

படிக்கிற நீங்களும் இதை யாருக்காவது சொல்வீர்கள். அக்கா தம்பிக்குள் பேச்சு நின்றுபோன வீடு எல்லா ஊரிலும் இருக்கிறது. சொல்லும்போது அண்ணியின் வார்த்தைகளை நல்ல வார்த்தைகளாக மாற்றிவிடாதீர்கள். வாசலில் அவர் கேட்டதை அவர் கேட்டபடியே சொல்லுங்கள். கூடத்தில் அவர் சுவரைப் பார்த்துச் சொன்ன அந்த ஒற்றை வார்த்தையையும், சமாதானம் ஒன்றும் சேர்க்காமல், அப்படியே சொல்லுங்கள்.